தூங்கினால் நின்றுவிடும் இருமல்: ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தை நல மருத்துவர் கொடுத்தனுப்பிய சீட்டில் இரண்டே வரி: 11 வயதுப் பெண், 7 மாதமாக வறட்டு இருமல், எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல், ஒருமுறை பாருங்கள். கூடவே வந்த ஃபைல் மட்டும் ஒரு கிலோ தேறும். நான் ஈரோட்டில் குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை பார்க்கிறவள். இருமலுக்கென்று என்னிடம் ஆள் வருவது அபூர்வம், வந்தாலும் இப்படித்தான், எங்கெங்கோ காட்டிவிட்டுக் கடைசியாக வருவார்கள். பெற்றோரும் அந்தப் பெண்ணும் சம்மதம் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குடும்பம் சென்னிமலைப் பக்கம். அப்பா பெட்ஷீட் நெய்யும் விசைத்தறி ஓட்டுகிறார், பாவு நூல் வாங்குவதிலிருந்து கூலிக்கணக்கு வரை பார்ப்பது அம்மா. அப்பாவின் அம்மாவும் அதே வீட்டில்தான், பிள்ளைகளுக்கு ஆத்தா. அந்த வருடம் ஜூனில்தான் பெண்ணை ஊர்ப் பள்ளியிலிருந்து எடுத்து, வேனில் போய்வரும் ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்திருந்தார்கள். ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஊர்ப் புழுதியை எல்லாம் வாரி வீட்டுக்குள் கொட்டுகிற சமயத்தில், சளியும் காய்ச்சலும் வந்தது. காய்ச்சல் போனது, மூக்கு ஒழுகுவது போனது, இருமல் போகவில்லை. முதலில் சாதாரண இருமல்தானாம். அப்புறம் அதன் சத்தமே மாறிவிட்டது. பழைய டெம்போவின் ஹாரன் மாதிரி ஒற்றை ஒற்றையாக, உரக்க, சளியே இல்லாமல், காலையிலிருந்து பொழுதோட வரைக்கும். தறி ஓடும்போது வீட்டில் யாருக்கும் கேட்காது, கரண்ட் போய்த் தறி நின்றால்தான் ‘அட, இன்னும் இருமிக்கிட்டேதான் இருக்கிறாள்’ என்று தெரியும்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ஃபைலில் தேதிவாரியாக இருந்தது. ஆன்டிபயாடிக் இரண்டு கோர்ஸ். நெபுலைசர். ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று வாயில் வைத்து உறிஞ்சும் பம்பு, கூடவே மாண்டெலுகாஸ்ட் மாத்திரை, அதற்கும் கேட்கவில்லை என்று சில நாள் ஸ்டீராய்டு. ரத்தத்தில் ஈசினோஃபில் என்கிற வெள்ளை அணு கொஞ்சம் கூடியிருந்ததால் ‘ஈஸ்னோபீலியா’ என்று ஒரு மருந்து. வயிற்று அமிலம் மேலே ஏறுகிறதோ என்று ஒரு மருந்து. எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு நாள்பட்ட இருமல் என்றால் ‘பிரைமரி காம்ப்ளக்ஸா இருக்கும்’, அதாவது பிள்ளைகளுக்கு வரும் டி.பி., என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார், இங்கேயும் இருந்தார். டி.பி.க்கான மாண்டூ தோல் பரிசோதனை போட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் அது இல்லை. கோயமுத்தூரில் ஊதிப் பார்க்கும் டெஸ்ட், அதாவது ஸ்பைரோமெட்ரி, அதுவும் நார்மல். பஞ்சுத் தூசிதான் வினை என்று ஒரு மாதம் காங்கேயத்துக்குப் பக்கத்தில் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள், இருமலும் பஸ் ஏறிக் கூடவே போனது. நடுநடுவே ஆடாதோடைக் கசாயம், சித்தரத்தை, தூதுவளை ரசம், கோயிலில் மந்திரித்த கயிறு. கயிறு கட்டிய பிறகு இரண்டு நாள் இருமல் நன்றாகக் குறைந்திருந்தது என்று அம்மா போகிற போக்கில் சொன்னதை நான் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன். சிரித்துவிட்டுப் போகிற தகவல் இல்லை அது. ஆஸ்துமா கயிற்றுக்கு அடங்காது.

பள்ளியில் நிலைமை மோசம். கொரோனாவுக்குப் பிறகு வகுப்பில் ஒரு பிள்ளை இருமினாலே பக்கத்துப் பிள்ளை நகர்ந்து உட்காரும், இவளோ நிமிடத்துக்கு நாலைந்து முறை. கடைசி பெஞ்ச், அப்புறம் வராந்தா, அப்புறம் ‘சரியான பிறகு அனுப்புங்கள்’. ஒரு டீச்சர் வேண்டுமென்றே செய்கிறாள் என்றும் சொல்லியிருக்கிறார். நான் பார்க்கும்போது அவள் பள்ளிக்குப் போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அடுத்து சி.டி. ஸ்கேன், மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது என்று பேச்சு வந்தபோதுதான் இந்தக் குழந்தை மருத்துவர் கொஞ்சம் பொறுங்கள் என்று நிறுத்தி என்னிடம் அனுப்பினார். இது பழக்க இருமலோ, அதாவது நோய் போன பிறகும் பழக்கமாகத் தங்கிவிட்ட இருமலோ என்று அவருக்கு ஏற்கெனவே சந்தேகம் வந்திருந்தது.

யாரும் ஆத்தாவைக் கேட்கவில்லை

ஃபைலில் நாலு இடத்தில் ‘இரவிலும் இருமல்’ என்று எழுதியிருந்தது. நானும் அம்மாவிடம் கேட்டேன். “ஆமாங்க மேடம், ராத்திரியெல்லாம் இருமுவாளுங்க, பத்து மணி வரைக்கும் வீட்டுல யாரும் ஒரு நாடகம் பாக்க முடியாதுங்க” என்றார். பத்து மணிக்கு அப்புறம்? தூங்கிய பிறகு? அம்மா யோசித்தார். பெண் படுத்துக்கொள்வது ஆத்தா பக்கத்தில், அம்மாவுக்குத் தெரியவில்லை. ஆத்தாவை ஆஸ்பத்திரிக்கு யாரும் ஒருமுறைகூட அழைத்துப் போனதில்லை. அங்கேயே போன் போடச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தோம்.

“தூங்கிட்டாள்னா ஒரு இருமல் கெடயாதுங்கொ. விடியக்காலம் எந்திரிச்சுப் பல்லு வெளக்கறப்பதான் ஆரம்பிக்குமுங்க. நான் அன்னைக்கே சொன்னனுங்க, இந்த வீட்டுல கெழவி பேச்ச யாரு கேக்கறாங்க.”

ஏழு மாதம், இத்தனை சோதனை, விஷயம் பாயில் படுத்திருந்திருக்கிறது. ‘ராத்திரி இருமுகிறாளா’ என்று கேட்டால் எந்த அம்மாவும் ஆமாம் என்றுதான் சொல்வார், ராத்திரி எட்டு மணியும் ராத்திரிதானே. தூங்கிய பிறகு என்று கேட்க வேண்டும், பக்கத்தில் படுப்பவரைக் கேட்க வேண்டும். முடிந்தால் போனில் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அப்பா இரண்டு ராத்திரி தலைமாட்டில் போனை வைத்துப் பதிவு செய்துகொண்டு வந்தார். மின்விசிறிச் சத்தம், நாய், ஆத்தாவின் குறட்டை, இருமல் இல்லை.

பழக்க இருமல் தூங்கினால் நின்றுவிடும். ஆனால் இந்த ஒரு அடையாளத்தின் மேல் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் கல்லூரி 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவில் இருமல் இல்லாததையோ குரைப்பது போன்ற சத்தத்தையோ மட்டும் வைத்து இது பழக்க இருமல் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பல வருடம் இதையே பார்த்த குழந்தை நுரையீரல் நிபுணர் மைல்ஸ் வெயின்பெர்கர், இதைவிட நல்ல அடையாளம் வேறு எது என்று கேட்கிறவர். என் கட்சி நடுவில். மற்றதெல்லாம் சரியாக இருந்து தூக்கத்திலும் இருமல் இல்லையென்றால் அதற்கு மேல் ஸ்கேன் தேட வேண்டியதில்லை. மற்றது சரியில்லை என்றால் இந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது.

மற்றது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு ‘எங்க பையனுக்கும் மனசுதான்’ என்று யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. குழந்தைகளுக்கு 4 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட இருமல், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். சளியோடு வரும் ஈர இருமல், ரத்தம், எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், ஓடினால் மூச்சு வாங்குவது, விரல் நுனி உருண்டு தடிப்பது, சாப்பிடும்போது மட்டும் புரையேறி இருமுவது, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்தது, இதில் ஒன்று இருந்தாலும் முதலில் அந்த வழியில்தான் போக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் திடீரென்று ஆரம்பித்த இருமல் என்றால் நிலக்கடலையை நினைத்துக்கொள்ளுங்கள். களத்தில் கடலை காயும் ஊர்களில் மூச்சுக்குழாயில் ஒரு பருப்பு மாட்டிக்கொள்வது ஒன்றும் அதிசயமில்லை. கக்குவான் இருமலும் மாதக்கணக்கில் இழுக்கும், ஆனால் அது தூங்க விடாது. இவளுக்கு இது எதுவும் இல்லை என்பதை மருத்துவர் எழுதியே கொடுத்திருந்தார், அது இல்லாமல் நான் தொடங்குவதில்லை.

நேரில் பார்த்தது: இருமல் வரும்போது தாடை நெஞ்சில் போய் ஒட்டும், வலது கை தொண்டைக்குப் போகும். இந்தத் தோரணையைப் பழைய மருத்துவக் கட்டுரைகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அம்மாவிடம் அவளைப் பற்றிப் பேசினால் கூடியது. பல்லாங்குழியை எடுத்துக் கொடுத்தேன், காய் எண்ணும்போது நின்றது, ஆட்டம் முடிந்ததும் திரும்ப வந்தது. கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டை கனைப்பு போன்ற வேறு நரம்பு வெட்டுகள் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்திருந்தால் சிகிச்சை வேறு, அது டூரெட் என்கிற நரம்பு வெட்டு நோய்ப் பக்கம் போகும், பல வாரம் பயிற்சி கொடுக்க வேண்டிவரும். இல்லை.

நடிப்பா?

அப்பாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. “அப்ப இத்தன நாளு நடிச்சாளுங்களா?” ஏழு மாதம், வாரத்துக்கு ஒரு டாக்டர், தறியை நிறுத்திவிட்டு அலைந்தது, கைக்காசு கரைந்தது, கோபம் வரத்தான் செய்யும். நான் பதில் சொல்லவில்லை. “கண்ணைக் கொட்டாம என்னையே பாருங்க” என்றேன். முக்கால் நிமிடத்தில் தண்ணீர் வழியக் கண்ணை மூடிவிட்டார். ‘இப்போ நடிச்சீங்களா?’ என்று கேட்டதும் சிரித்துவிட்டார். சித்த நேரம் அடக்க முடிகிறது என்பதால் அது வேண்டுமென்றே செய்வது ஆகிவிடாது. அவளுக்குத் தொண்டையில் அரிப்பு நிஜம், இருமாவிட்டால் செத்துவிடுவோம் போன்ற தவிப்பு நிஜம். நிஜமில்லாதது நுரையீரல் நோய் மட்டும்தான்.

நடப்பது இவ்வளவுதான். முதலில் சளியால் வந்த நிஜ இருமல் தொண்டையை உரசி உரசிக் கூச்சமாக்கிவிடுகிறது. சளி போன பிறகும் அந்தக் கூச்சம் லேசான அரிப்பைத் தருகிறது, அரிப்பு இருமலைக் கூப்பிடுகிறது, இருமல் மறுபடி தொண்டையை உரசுகிறது. மூளை இந்தச் சுற்றைப் பழகிக்கொள்கிறது. இதை மருந்தால் நிறுத்த முடியாது, ஏனென்றால் மருந்து போய் வேலை செய்ய அங்கே சளியோ மூச்சுக்குழாய்ச் சுருக்கமோ இல்லை. நடுவில் எங்காவது ஒரு இடத்தில் சுற்றை அறுக்க வேண்டும், அறுக்கிறவள் அவளாகவே இருக்க வேண்டும்.

அந்த அரை மணி நேரம்

பெற்றோரை வெளியே உட்கார வைத்துவிட்டு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், சுவரில் செகண்ட் முள் ஓடும் கடிகாரம், அவ்வளவுதான் ஏற்பாடு. மேலே சொன்ன சுற்றை அவள் வயதுக்குத் தகுந்தபடி சொன்னேன், ஒரு தாளில் அவளே வரைந்தாள். பிறகு சொன்னேன்: “அடுத்த தடவை அரிப்பு வந்ததும் உடனே விட்டுராத கண்ணு. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு முள் ரெண்டுலிருந்து நாலுக்குப் போற வரைக்கும் நிறுத்திப் பாரு. நீ நிறுத்துற ஒவ்வொரு செகண்டும் தொண்டைக்குக் கொஞ்சம் ரெஸ்ட். ரெஸ்ட் கிடைச்சா அரிப்பு குறையும், குறைஞ்சா அடுத்த தடவை இன்னும் சுலபம்.”

முதல் தடவை முள் நாலைத் தொடுவதற்குள் வெடித்துக்கொண்டு வந்தது. அவள் என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தாள். “எட்டு செகண்ட் நிறுத்தினியே, அது யாரு? நானா?” இரண்டாம் தடவை தாண்டிவிட்டாள். கண்ணில் தண்ணீர், முட்டி மடங்கியிருந்தது, தாடை நெஞ்சுக்கு இறங்க ஆரம்பித்தது. ஃபேனைப் பார் என்றேன். தாடை மேலே போனால் பழகிய தோரணை உடைகிறது, கை தொண்டைக்குப் போகாமல் டம்ளரைப் பிடித்திருந்தது. அரை நிமிடம். ஒரு நிமிடம். நடுவில் ஒரு முறை சறுக்கி இரண்டு இருமல், நான் கண்டுகொள்ளவே இல்லை, கடிகாரத்தை மட்டும் காட்டினேன்.

இதில் பேசுகிற விதம்தான் மருந்து. ‘அரிக்குதா?’, ‘இருமல் வருதா?’ என்று கேட்கவே கூடாது. கேட்டால் அவள் தொண்டைக்குள் போய்த் தேடுவாள், தேடினால் கிடைக்கும். “முன்னைக்கு இப்போ லேசா இருக்குதில்ல?” என்று கேட்க வேண்டும், ஆமாம் என்று தலையாட்டத் தோதான கேள்வி. “உன்னால நிறுத்த முடியுதுன்னு உனக்கே தெரியுது, இல்லையா?” ஆட்டினாள். குரலில் சந்தேகம் எட்டிப் பார்க்கக் கூடாது. ‘முயற்சி செய்து பார்ப்போம்’ என்று ஆரம்பித்தால் பாதி போச்சு. நிறுத்த முடியும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்கிற தொனியில் சொல்ல வேண்டும், எனக்கு நிச்சயமாகத் தெரியவும் தெரியும் என்பதால் அது பொய்யும் இல்லை.

அரை மணிக்குள் தொடர்ந்து ஐந்தாறு நிமிடம் அமைதி. ஏழு மாதத்தில் விழித்திருக்கும்போது அவளுக்கு இது முதல் தடவை. “இனிமே நீயே நிறுத்திக்குவேன்னு தோணுதா?” என்று கேட்டேன். “ம்ம், தோணுதுங்க மேடம்” என்றாள், மெதுவாக, ஆனால் சொன்னாள்.

கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டேன். உள்ளே வந்த கையோடு அவர் கேட்டது: “இருமலயா கண்ணு?” உடனே ஒரு இருமல். அம்மாவை மறுபடி வெளியே அனுப்பிவிட்டு, டம்ளரை அவள் கையில் கொடுத்து, முள்ளைக் காட்டி, நாலைந்து நிமிடத்தில் திரும்ப வழிக்குக் கொண்டு வந்தோம். அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எந்த அம்மாவும் அதைத்தான் கேட்பார். ஆனால் அந்த ஒரு கேள்வியில் நான் பெற்றோருக்குச் சொல்ல நினைத்த அறிவுரை மொத்தமும் கண் முன்னால் நடந்துவிட்டது. வீட்டில் இருமலைப் பற்றிப் பேச்சே கூடாது. கேட்கக் கூடாது, எண்ணக் கூடாது, தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, இருமவில்லை என்று பாராட்டவும் கூடாது, ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள் வந்து விசாரித்தால் பேச்சை மாற்ற வேண்டும். அவள் மட்டும் அரிப்பு வந்தால் தண்ணீர் டம்ளரோடு ஒரு கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்து அதே பயிற்சியைச் செய்வாள். பள்ளிக்கும் ஒரு கடிதம் கொடுத்தேன்: தொற்று இல்லை, பழைய இடத்திலேயே உட்கார வையுங்கள், வகுப்பில் யாரும் ‘சரியாயிடுச்சா’ என்று விசாரிக்க வேண்டாம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1966-லேயே பெர்மன் என்ற ஒவ்வாமை மருத்துவர் வளரிளம் பிள்ளைகள் ஆறு பேரைப் பேச்சாலேயே சரிசெய்து எழுதியிருக்கிறார். நான் செய்தது 1991-ல் ஐயோவா குழு வெளியிட்ட முறை, அவர்கள் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு கால் மணி நேர அமர்வில் செய்து காட்டினார்கள். பின்னால் 2016-ல் அதே இடத்திலிருந்து 20 வருடக் கணக்கு வந்தது: அமர்வின்போது இருமிக்கொண்டிருந்த 85 குழந்தைகளில் 95 சதவீதம் பேருக்கு அங்கேயே நின்றது. சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை இல்லாமல் பின்தொடர்ந்த 60 குழந்தைகளில் 16 பேர், சராசரியாக ஆறு வருடம் போல ஆன பிறகும் இருமிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேருக்குத் தானாக நின்றது, அதற்கும் சராசரியாக ஆறு மாதம். நியாயமாகச் சொன்னால், குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு எதுவும் இந்தச் சிகிச்சைக்கு இல்லை. ஆனால் மாதக்கணக்கில் நிற்காத ஒன்று அரை மணியில் நிற்கும்போது தற்செயல் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. சுய வசியம், அதாவது ஹிப்னாஸிஸ் சொல்லிக் கொடுப்பவர்களுக்கும் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. கண்ணை மூடு, தூங்கு என்றால் எங்கள் ஊர்க் குடும்பங்கள் மந்திரமா மாயமா என்று மிரண்டுவிடுவார்கள் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1984-ல் நியூயார்க் மருத்துவர்கள் கோலனும் ஸ்டோனும் செய்த வைத்தியத்தின் கருவி என்ன தெரியுமா, பெட்ஷீட். மார்பைச் சுற்றி பெட்ஷீட்டை இறுக்கிக் கட்டி, ‘இருமி இருமி உன் மார்புத் தசை சோர்ந்துவிட்டது, இது தாங்கிக்கொள்ளும், ஓரிரு நாளில் இருமல் போய்விடும்’ என்று சொல்லி அனுப்புவார்கள். 33 குழந்தைகள், கிட்டத்தட்ட எல்லோருக்கும் போயிருக்கிறது. இதைப் பெண்ணின் அப்பாவிடம் சொன்னபோது, “அட, நம்ம சரக்கேதானுங்களா, வீட்டுல அட்டியடியா கெடக்குதுங்களே!” என்றார். ஆனாலும் நான் பெட்ஷீட் கட்டவில்லை. கட்டினால் நிற்கும், ஆனால் நிறுத்தியது பெட்ஷீட் என்றுதான் குழந்தை நினைத்துக்கொள்ளும். கயிறு கட்டியபோது இவளுக்கு நடந்ததும் அதுதானே. இரண்டு நாள் குறைந்தது, ஏன் குறைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை, திரும்பி வந்தபோது கயிறு கைவிட்டுவிட்டது என்று இன்னும் பயந்துவிட்டாள். எட்டு செகண்ட் நிறுத்தியது தான்தான் என்று தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பயம் வராது.

காரணம் தேடும் வியாதி

இந்த வழக்கில் எனக்கு ஒத்துப்போகாத ஒரு விஷயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என்னிடம் வருவதற்கு முன்னால் வேறொரு ஆலோசகரிடம் இரண்டு மாதம் போயிருக்கிறார்கள். அங்கே படம் வரையச் சொல்லி, கனவு கேட்டு, அப்பா அம்மா சண்டை போடுவார்களா என்று கேட்டு, ‘ஆழ்மனதில் ஏதோ இருக்கிறது, அது வெளியே வந்தால்தான் இருமல் போகும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். உடனே குடும்பம் மொத்தமும் தேட ஆரம்பித்துவிட்டது. அம்மா, ஸ்கூல் மாற்றியதுதான் என்றார். அப்பா, சின்ன வயதில் நாய் துரத்தியது என்றார். ஆத்தா, மருமகள் பேசுகிற பேச்சு என்றார். பெண்ணுக்குத் தன்னிடம் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்கிற எண்ணம் மட்டும் நன்றாக வேர்விட்டது. மாதக்கணக்கில் நுரையீரலில் தேடியதற்கும் இரண்டு மாதம் ஆழ்மனதில் தேடியதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் இருமலைத்தான் பெரிதாக்கின.

நான் தேடவே இல்லை என்று அர்த்தமில்லை. குழந்தையைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும்: யாராவது அடிக்கிறார்களா, தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்களா, வேனில் யாராவது தொந்தரவு தருகிறார்களா, தூக்கம், சாப்பாடு, அழுகை. கேட்டேன், எதுவும் இல்லை. ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் கூச்சம், அவ்வளவுதான் கிடைத்தது. கோயமுத்தூரிலிருந்து கரூர் வரை தமிழ் வழியிலிருந்து மாறிய எத்தனை பிள்ளைகளுக்கு அது இருக்கிறது, அவர்கள் எல்லோருமா இருமுகிறார்கள்? அதைக் காரணம் என்று நான் எழுதவில்லை. அது தனி விஷயம், அதற்குத் தனியாக வழி பார்த்தோம், வகுப்பு டீச்சரிடம் பேசி முதலில் இரண்டு வரி, பிறகு ஒரு பத்தி என்று. பதற்றமோ மனச்சோர்வோ நிஜமாகவே இருக்கிற குழந்தைகளும் உண்டு, அவர்களுக்கும் நான் முதலில் இருமலை நிறுத்திவிட்டுத்தான் மற்றதற்குப் போவேன். 2015 வழிகாட்டுதலில் ‘மனக் காரணத்தால் வரும் இருமல்’ என்ற பழைய பெயரைக் கைவிட்டதும் இதே மாதிரியான தொல்லைகளால்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு

அன்று சாயங்காலம் வீட்டில் நாலைந்து முறை இருமியிருக்கிறாள், மறுநாள் ஒன்றோ இரண்டோ, வாரக் கடைசியில் இல்லை. அடுத்த வாரமே பள்ளி. மருந்துகளைக் குழந்தை மருத்துவர் ஒவ்வொன்றாக நிறுத்தினார், முதலில் மாண்டெலுகாஸ்ட். தேவையில்லாமல் அது ஓடிக்கொண்டிருப்பது எனக்கும் பிடிக்காது. குழந்தைகளின் தூக்கத்தையும் மனநிலையையும் அது பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் கடுமையான எச்சரிக்கையே போட்டது. பம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தி, மறுபடி ஊதவிட்டுப் பார்த்தார், நார்மல். இதையெல்லாம் டாக்டர்தான் செய்ய வேண்டும், ஸ்டீராய்டு மருந்துகளை வீட்டிலேயே பட்டென்று நிறுத்துகிற வேலை வேண்டாம்.

அடுத்த ஐப்பசி மழையில் சளி பிடித்தது, இருமலும் வந்தது. அம்மா பதறிப்போய்ப் போன் செய்தார். தூக்கத்திலும் இருமுகிறாளா என்று கேட்டேன், ஆமாம் என்றார், அப்படியானால் அது சளி இருமல், இருமட்டும் விடுங்கள் என்றேன். பத்து நாள் போல இருந்தது. அதன் கடைசியில் சத்தம் மாறுகிற மாதிரி இருந்ததாம், அம்மா இந்த முறை வாயைத் திறக்கவில்லை, பெண் தானே டம்ளரை எடுத்துக்கொண்டு தறிக்கொட்டகைத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். அதற்கு மேல் அது வளரவில்லை. பரீட்சை சமயத்தில் தொண்டையைக் கனைப்பாள் என்று ஆத்தா சொன்னார், அதை நான் தொடவில்லை.

தை மாதம் அப்பா தன் தறியில் வேலை பார்ப்பவரின் மகனை அழைத்துக்கொண்டு வந்தார், எட்டு வயது. “இவனுக்கும் அதே இருமல்தானுங்க. டாக்டரு பம்பு எழுதிக் குடுத்தாருங்க, நாந்தான் வேண்டாம்னுட்டேன், மேடம் பேசுனாலே நின்னுரும்னு.” பையனின் அம்மாவிடம் தூங்கிய பிறகு எப்படி என்று கேட்டேன். விடியக்காலம் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவானாம், நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி சத்தம் வருமாம், பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாடினால் கூடுமாம். நான் பேசவில்லை. அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். ஆஸ்துமாதான், பம்பு ஆரம்பித்ததும் ராத்திரி இருமல் அடங்கிவிட்டது.